ரோஜாவுக்கு ஏற்ற துணைச் செடிகள்

ரோஜா பயிரிடும் உழவர்கள் எங்களைச் சந்திக்கும்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இரண்டு வரிசைக்கு நடுவே இடம் சும்மா கிடக்கிறதே, அங்கே என்ன போடலாம்?" என்பதே அது. வீட்டுத் தோட்டத்தில் பத்து, இருபது செடிகள் வைத்திருப்போர் இதனையே வேறு விதமாகக் கேட்பர். "ரோஜாவுக்குப் பக்கத்தில் என்ன செடி வைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும்?" என்பர். முன்னவருக்கு வருமானம், பின்னவருக்கு அழகு. ஆனால் இருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பக்கத்தில் வரும் செடி ரோஜாவிடமிருந்து எதை எடுத்துக் கொள்ளும், எதைக் கொண்டு வந்து சேர்க்கும் என்பதே அக்கேள்வி.

நிலக்கோட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த உழவர் ஒருவர் எட்வர்டு ரோஜா நட்ட முதல் ஆண்டில் வரிசைகளுக்கு இடையே மிளகாய் போட்டார். ரோஜாவில் பூ வருமுன் மிளகாயில் பணம் வந்தது. நடவுச் செலவில் ஒரு பகுதி திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தார். ரோஜா நன்கு பூக்கத் தொடங்கிய பிறகும் மிளகாயை எடுக்க மனம் வரவில்லை. அடுத்த கோடையில் மொட்டுகள் விரியாமல் நின்றன. விரிந்த பூக்களின் இதழ் ஓரம் கருகியது. கொழுந்து இலைகள் மேல்நோக்கிச் சுருண்டன. வைகாசி முகூர்த்தத்திற்கு விலை ஏறிய நேரத்தில், அவர் கொண்டு போன பூவைச் சந்தையில் ஒதுக்கி வைத்தார்கள். வெயிலின் வேகம் என்று ஒருவரும், உரம் அதிகமாகிவிட்டது என்று மற்றொருவரும் சொல்ல, அவரும் தண்ணீரைக் கூட்டினார், உரத்தைக் குறைத்தார். பயன் இல்லை.

நான் அங்கே சென்றபோது கையிலிருந்த வெள்ளைத் தாளில் ஒரு மொட்டைத் தட்டிக் காட்டினேன். மஞ்சள் நிறத்தில் நூல் துணுக்குகளைப் போன்ற சிறு பூச்சிகள் தாளில் ஓடின. பக்கத்து மிளகாய்ச் செடியின் கொழுந்தைத் தட்டினால் அதே பூச்சி. மிளகாயில் இலைகளைச் சுருட்டும் இலைப்பேன் ரோஜாவின் கொழுந்தையும் மொட்டையும் விட்டு வைப்பதில்லை. அவர் தம் கையாலேயே ரோஜாவுக்கு நடுவே இலைப்பேனுக்கு நாற்றங்கால் அமைத்துக் கொடுத்திருந்தார். அவருடைய குடும்பத்தின் அன்றாடச் செலவு, காலையில் பறிக்கும் பூவில்தான் ஓடுகிறது. ஒரு பருவத்து மிளகாய்ப் பணத்திற்கு அவர் கொடுத்த விலை மிக அதிகம்.

நோய் வேறு, பூச்சி வேறு

துணைச் செடியைத் தேர்ந்தெடுக்கும் எவரும் இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம். ரோஜாவின் கரும்புள்ளி நோய்ப் பூசணம் ரோஜாவை மட்டுமே தாக்கும். சாம்பல் நோயும் பெரும்பாலும் அப்படியே. வெண்டை இலையிலோ பூசணி இலையிலோ மாவு பூசியது போல் தோன்றும் சாம்பல் நோய், ரோஜாவுக்குத் தாவி வருவதில்லை. அவற்றை உண்டாக்கும் பூசணங்கள் வேறு. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த பீச் மரத்திற்கு மட்டும் ரோஜாச் சாம்பல் நோய் வரக்கூடும். மலைப்பகுதியில் பீச் மரம் வைத்திருப்போர் இதனை நினைவில் கொள்ளவும்.

பூச்சிகளுக்கு இத்தகைய குடும்பக் கட்டுப்பாடு இல்லை. இலைப்பேன், சிவப்புச் சிலந்தி, மாவுப்பூச்சி, மொட்டைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழு ஆகியவை பலவகைப் பயிர்களில் வாழ்பவை. ஆமணக்கில் காணும் காவடிப்புழு ரோஜா இலையையும் தின்னும். மண்ணுக்குள் இருக்கும் வேர்முடிச்சு நூற்புழுவும் அவ்வாறே. ஆகவே பக்கத்துச் செடியிலிருந்து ரோஜாவுக்கு நேரே வந்து சேர்வது பெரும்பாலும் பூச்சிதான்.

அப்படியானால் நோயைப் பற்றிக் கவலை இல்லையா என்றால், உண்டு. அது வேறு வழியில் வருகிறது. கரும்புள்ளி நோயின் வித்துக்கள் இலையில் முளைத்து உள்ளே நுழைய, இலை ஏறத்தாழ 7 மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். இரவில் பெய்த பனி, காலை வெயிலிலும் காற்றிலும் விரைவில் உலர்ந்துவிட்டால் நோய்க்கு வாய்ப்பு குறைகிறது. ரோஜாவின் அடிப்பாகத்தைச் சுற்றி அடர்ந்த செடி ஒன்று நின்றால் காற்று நுழையாது. அடி இலைகள் நண்பகல் வரை ஈரமாகவே இருக்கும். மழையில் மண் தெறித்து இலையில் படாமல் தரையை மூடுவது நல்லது என்று சிலர் சொல்வது உண்மையே. அதற்குக் காய்ந்த சருகு, நிலக்கடலைத் தோல், கரும்புச் சோகை ஆகியவற்றைப் பரப்பினாலே போதும். உயிருள்ள செடியைக் கொண்டு அடியை அடைக்கத் தேவையில்லை.

ரோஜாவின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவியிருக்கிறது. தண்டைச் சுற்றி 45 முதல் 60 செ.மீ. வரை எந்தச் செடியும் இல்லாமல் வைத்திருந்தால் காற்றும் கிடைக்கும், உரமும் தண்ணீரும் உரிய வேருக்குப் போகும், கவாத்து செய்யவும் பூப்பறிக்கவும் கால் வைக்க இடமும் இருக்கும். பூப்பறிக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். முள்ளுக்கு நடுவே இன்னொரு செடியை மிதிக்காமல் நடப்பது எவ்வளவு தொல்லை என்று சொல்வார்கள்.

செண்டுமல்லியைப் பற்றிச் சில சொற்கள்

துணைச் செடி என்றவுடன் எல்லோரும் சொல்லும் பெயர் செண்டுமல்லி. சில ஊர்களில் துலுக்கச் சாமந்தி என்றும், கேந்தி என்றும் வழங்குவர். "நாலு மூலையிலும் நாலு செடி வைத்தால் பூச்சி அண்டாது" என்று துண்டறிக்கைகளில்கூட எழுதுகிறார்கள். என் மாணவர்களும் தேர்வுத்தாளில் இதனையே எழுதுகிறார்கள். இதில் உண்மையும் இருக்கிறது, தவறும் இருக்கிறது.

உண்மை மண்ணுக்குக் கீழே உள்ளது. செண்டுமல்லியின் வேரில் உள்ள தயோபீன் வகைப் பொருள்கள் நூற்புழுக்களுக்கு நஞ்சாக அமைகின்றன. ஆனால் அந்த வேர் சென்ற இடத்தில் மட்டுமே அது நிகழும். மூலைக்கு ஒரு செடி நட்டால் அந்த மூலையில் மட்டும் நூற்புழு குறையலாம். பத்தடி தள்ளியுள்ள ரோஜாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ரோஜா நடுவதற்கு முன்பே, அந்த நிலம் முழுவதும் செண்டுமல்லியை நெருக்கமாகப் பயிரிட்டு 3 மாதங்கள் வைத்திருந்து, பூவையும் விற்றுவிட்டு, பிறகு உழுது ரோஜாக் குழி எடுப்பதே முறை. பழைய ரோஜாத் தோட்டத்தை அழித்து அதே இடத்தில் மறுபடி ரோஜா நட விரும்புவோருக்கும், கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றில் வேர்முடிச்சு கண்ட நிலத்தில் ரோஜா வைக்க நினைப்போருக்கும் இதனை நான் உறுதியாகச் சொல்வேன். அதாவது செண்டுமல்லி ரோஜாவுக்குப் பக்கத்துச் செடியாக இருப்பதைவிட முன்பயிராக இருப்பதே மேல்.

தவறு மண்ணுக்கு மேலே உள்ளது. செண்டுமல்லியைச் சிவப்புச் சிலந்தி மிக விரும்பும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும் பட்டறிந்துதான் நம்பினேன். என் குடியிருப்பின் முன்புறம் இருபது ரோஜாச் செடிகளைச் சுற்றி அழகுக்காக ஒரு வரிசை செண்டுமல்லி வைத்தேன். தை, மாசி வரை கண்கொள்ளாக் காட்சி. பங்குனி வெயில் ஏறியதும் செண்டுமல்லி இலைகள் வெளிறின. பூக்களின் மேல் மெல்லிய நூலாம்படை படர்ந்தது. சரி, பிடுங்கிவிடலாம் என்று ஒரு மாலை அவ்வளவையும் பிடுங்கிப் பாத்தி ஓரத்திலேயே குவித்தேன். செடி வாட வாட, அதிலிருந்த சிலந்திகள் அருகிலிருந்த ரோஜாவுக்கு ஏறின. பத்து நாளில் ரோஜா இலைகள் செம்பு நிறமாகி உதிரத் தொடங்கின. பயிர்ப் பாதுகாப்புத் துறை நண்பர் வந்து பார்த்துச் சிரித்தார்.

அந்த நிலை உங்களுக்கு நேர்ந்தால், செடியைப் பிடுங்குமுன் தண்ணீரை விசையாக அடித்து நனையுங்கள். பிறகு வெட்டி உடனே சாக்கில் கட்டித் தோட்டத்திற்கு வெளியே கொண்டு சென்று அழித்துவிடுங்கள். ரோஜா இலைகளின் அடிப்புறத்தைக் காலை வேளையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் சிலந்தியின் பெருக்கம் குறையும். காலையில் செய்தால்தான் இலை விரைவில் உலரும். மாலையில் நனைத்தால் கரும்புள்ளிக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

செண்டுமல்லியைக் கவர்ச்சிப் பயிராகவும் பயன்படுத்தலாமே என்று படித்த இளைஞர்கள் கேட்பதுண்டு. தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டுக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சியைக் கவரும் முறையைப் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. அதே புழு ரோஜா மொட்டையும் துளைப்பதால் வெளி வரப்பில் ஒரு வரிசை வைக்கலாம் என்பது சரியே. ஆனால் கவர்ச்சிப் பயிர் என்பது எலிப்பொறி போன்றது. தினமும் பார்த்துப் புழுவைப் பொறுக்கி அழிக்க வேண்டும். வைத்துவிட்டு மறந்தால் பொறியே எலி வளர்க்கும் இடமாகிவிடும். ஆள் வசதி இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

பூண்டும் லாவெண்டரும்

அமெரிக்காவில் லூயிஸ் ரியோட் என்னும் அம்மையார், ரோஜாவுக்குப் பூண்டைப் பிடிக்கும் என்று பொருள்படும் தலைப்பில் 1983-ல் ஒரு நூல் எழுதினார். பூண்டை ரோஜாவின் அடியில் நட்டால் மணம் கூடும், அசுவினி வராது என்ற நம்பிக்கை மேலை நாட்டுத் தோட்டக்காரர்களிடையே நெடுங்காலமாக உண்டு. அங்கிருந்து நம் ஊருக்கும் வந்துவிட்டது. மணம் கூடும் என்பதற்குச் சான்று இல்லை. ரோஜாவின் மணம் அதன் இரகத்தையும், வெயிலையும், பறிக்கும் நேரத்தையும் பொறுத்தது. மேலும் பூண்டு தமிழ்நாட்டில் கொடைக்கானல், நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களில்தான் நன்றாகத் திரளும். சமவெளியில் இலையைத்தான் பார்க்கலாம்.

லாவெண்டர் இன்னொன்று. ஆங்கிலேயர் தோட்டப் படங்களில் ரோஜாவின் காலடியில் நீலப் பூவாக நிற்பது அதுதான். வறண்ட, சத்துக் குறைந்த மண் அதற்கு வேண்டும். ரோஜாவுக்கோ தொழு உரமும் ஒழுங்கான தண்ணீரும் வேண்டும். ஒரே பாத்தியில் இரண்டுக்கும் ஒத்து வராது. நம் சமவெளியின் வெப்பத்தையும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தையும் லாவெண்டர் தாங்குவதும் அரிது. விலை கொடுத்து வாங்கி ஏமாற வேண்டாம்.

வயலில் எதைப் போடலாம்?

எட்வர்டு, ஆந்திரச் சிவப்பு போன்ற பூ வியாபார இரகங்களை 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 2,000 செடிகள் வரும். வரிசைக்கு இருபுறமும் 50 செ.மீ. விட்டுவிட்டால் நடுவே 1 மீட்டர் அகலம் மிஞ்சுகிறது. ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 50 சென்ட் நிலம் அது. முதல் ஆறு, எட்டு மாதங்களுக்கு இதனைச் சும்மா விட்டால் களைதான் முளைக்கும். ஆகவே ஊடுபயிர் போடுவதில் தவறில்லை. குறுகிய காலத்தில் முடிவது, இடுப்புக்குக் கீழே நிற்பது, ரோஜாவின் பூச்சிகளுக்கு இடந்தராதது என்ற மூன்றையும் பார்த்துப் போட வேண்டும்.

என் முதல் தேர்வு சணப்பு. பணம் தராத பயிரை முதலில் சொல்கிறேனே என்று வருத்தப்பட வேண்டாம். ரோஜா ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் அங்கேயே நிற்கப் போகும் பயிர். பிறகு அந்த மண்ணை உழுது சீர்செய்ய வாய்ப்பு வராது. சணப்பு விதைத்து 45 நாளில், பூக்கத் தொடங்கும் சமயத்தில் மடக்கி அதே இடத்தில் போட்டால் தழைச்சத்தும் அங்ககப் பொருளும் சேரும். வேர்முடிச்சு நூற்புழு பெருகவும் அது இடங்கொடாது. இடுப்பளவுக்கு மேல் வளர விடாமல் மடக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்துத் தட்டைப்பயறு. இதனை வரிசைகளுக்கு நடுவேயும் போடலாம், வரப்பிலும் போடலாம். படரும் இரகத்தைத் தவிர்த்துக் குத்துச்செடி இரகமாகப் பாருங்கள். தட்டைப்பயறில் கறுப்பு அசுவினி மொய்க்குமே என்று கேட்கலாம். மொய்க்கட்டும். அந்த அசுவினி பெரும்பாலும் அவரைக் குடும்பத்துச் செடிகளையே நாடும். ரோஜாவைத் தாக்கும் அசுவினி வேறு இனம். ஆனால் தட்டைப்பயறு அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டுகள், அங்கே பெருகிப் பின் ரோஜாக் கொழுந்திலுள்ள அசுவினியையும் தின்னும். பக்கத்துச் செடியால் ரோஜாவுக்கு நன்மை என்று சொன்னால், என் கண்ணால் கண்ட நன்மை இதுதான்.

கொத்தமல்லியும் இந்த வகையில் உதவும். இலைக்காக 35 முதல் 40 நாளில் பிடுங்கும்போது ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஓரடி நீளத்தைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள். அதன் சிறு வெள்ளைப் பூக்களில் தேன் குடிக்க மிதவை ஈக்களும், புழுக்களின் உடலில் முட்டையிடும் சிறு குளவிகளும் வரும். மிதவை ஈயின் குஞ்சு ஒரு நாளில் பல அசுவினிகளைத் தின்னக் கூடியது. சோம்பு, சதகுப்பை, கடுகு ஆகியவற்றின் பூக்களும் இதே பயனைத் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ரோஜாவுக்கு மருந்து தெளிக்கத் தொடங்கிய தோட்டத்தில் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, சின்ன வெங்காயம் என்று வாயில் போடும் எதையும் நடுவே வளர்க்கக் கூடாது. மலருக்கு அடிக்கும் மருந்தில் எத்தனையோ, கீரைக்கு அனுமதிக்கப்படாதவை. செடிக்குள் ஊடுருவும் மருந்தாக இருந்தால் தண்ணீரில் அலசினாலும் போகாது. "நாங்கள் விற்க மாட்டோம், வீட்டுக்கு மட்டும்தான்" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார்கள். வீட்டில் சாப்பிடுவது அவர்களுடைய பேரக் குழந்தைகள்தானே! கீரையும் வெங்காயமும் நட்டதிலிருந்து முதல் மருந்து தெளிப்பு வரையில் மட்டும். அதன் பிறகு அந்த இடத்தில் உண்ணாத பயிர்தான். அதே மருந்து பொறிவண்டையும் மிதவை ஈயையும் கொன்றுவிடும் என்பதால், நன்மை செய்யும் பூச்சிக்காகத் துணைப்பயிர் வைத்தவர்கள் நாள் கணக்கு வைத்துத் தெளிப்பதை விட்டு, தாளில் தட்டிப் பார்த்துத் தேவையானபோது மட்டும் தெளிப்பதே பொருந்தும்.

சின்ன வெங்காயம் 65 முதல் 75 நாளில் வந்துவிடும், வேரும் ஆழமில்லை. முதல் ஆண்டுக்கு ஏற்றதே. எனினும் வெங்காயத்திற்கும் இலைப்பேன் உண்டு. கோடையில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நட்டுத் தை மாதத்திற்குள் எடுத்துவிடும்படி பார்த்துக் கொள்ளவும்.

உண்ணாத பயிர் என்றால் எது? மரிக்கொழுந்து நல்ல தேர்வு. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் ஏறத்தாழ நான்கு மாதத்தில் முடிந்துவிடும். முழங்கால் உயரத்திற்கு மேல் அதிகம் போகாது. மாலை கட்டுவோர் ரோஜாவோடு மரிக்கொழுந்தையும் வாங்குவதால் இரண்டையும் ஒரே கூடையில் ஒரே சந்தைக்குக் கொண்டு போகலாம். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் வராது.

மிளகாய் கூடாது என்பதை முன்பே சொன்னேன். 2021-ல் ஆந்திரம், தெலங்கானா மிளகாய் வயல்களில் பெருஞ்சேதம் விளைவித்த கறுப்பு இலைப்பேன், பூவுக்குள்ளேயே தங்குவது, பல அழகுச் செடிகளையும் தாக்குவது. இதனால் மிளகாயைப் பூந்தோட்டத்திலிருந்து தள்ளி வைப்பது முன்னைவிட இப்போது முக்கியமாகிவிட்டது. வெண்டை, கத்தரி, தக்காளி மூன்றும் நூற்புழுவுக்கும் சிலந்திக்கும் இடமளிப்பவை. ஆமணக்கை வரப்பில்கூட வைக்க வேண்டாம். செவ்வந்தியையும் மல்லிகையையும் தனித்தனிப் பாத்தியில் வைத்துக் கொள்ளுங்கள். அவற்றின் தண்ணீர்க் கணக்கும் கவாத்துக் கணக்கும் வேறு.

மேற்கு வரப்பு

காற்றைத் தடுக்கும் வரப்புப் பயிர் பற்றியும் சொல்ல வேண்டும். திண்டுக்கல், தேனிப் பகுதிகளில் ஆடிக் காற்றின் வேகம் உங்களுக்குத் தெரியும். இலைப்பேனும் சிலந்தியும் காற்றில் மிதந்து வருபவை. மேற்கு, தென்மேற்கு வரப்பில் சோளத்தை இரண்டு, மூன்று வரிசை நெருக்கமாக விதைத்தால் அவற்றின் வரவு குறையும், இளங்கிளைகளும் முறியாது. வைகாசி கடைசியில் விதைத்தால்தான் காற்று வலுக்கும்போது அது ஆளுயரம் நிற்கும். கிழக்கு வரப்பில் மட்டும் உயரமான எதையும் வைக்காதீர்கள். இரவுப் பனியை உலர்த்தும் காலை வெயில் அங்கிருந்துதான் வர வேண்டும். தென்னை, அகத்தி நிழலில் ரோஜா வைத்துவிட்டுப் பூக்கவில்லையே என்பவர்களும் உண்டு. ரோஜாவுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர நேர்வெயிலாவது வேண்டும்.

ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் கொய்மலர் ரோஜா வளர்ப்போருக்கு உள்ளே துணைச் செடி என்ற பேச்சே இல்லை. குடிலுக்கு வெளியே சுற்றிலும் சில அடி அகலத்திற்குக் களையின்றி வைத்திருப்பதே அவர்கள் செய்ய வேண்டுவது.

வீட்டுத் தோட்டத்திற்கு

வீட்டில் வைப்போர் ரோஜாவின் காலடியை விட்டுப் பாத்தியின் விளிம்பை அழகு செய்தால் போதும். ஓரடிக்குக் குறைவான உயரமுள்ள செடிகளாகப் பார்க்கவும். ஐப்பசியில் அலிசம் விதைத்தால் ஒன்றரை மாதத்தில் வெள்ளைக் கம்பளம் விரித்தாற்போல் பூக்கும். மார்கழி, தை முழுவதும் நிற்கும். மிதவை ஈக்கள் இதையும் விரும்பும். சிவப்பு ரோஜாவுக்கு முன்னால் வெள்ளையைப் போல் எடுப்பானது வேறில்லை. கோடையில் அலிசம் தாங்காது. அப்போது பத்துமணிப் பூ வைக்கலாம். டேபிள் ரோஸ் என்று நாற்றுப் பண்ணைகளில் விற்பது அதுதான். அதன் கணுக்களில் மாவுப்பூச்சி சேர்கிறதா என்று பார்த்து வரவும். அதே குடும்பத்துப் பருப்புக்கீரையில் வேர்முடிச்சு நூற்புழு தங்கும் என்பதால், நூற்புழு உள்ள தோட்டத்தில் பத்துமணியையும் தவிர்த்துவிடுவது நல்லது.

துளசியைப் பாத்தியின் ஒரு மூலையில் வைக்கலாம், தேனீ வரும். புதினாவை மட்டும் ரோஜாப் பாத்தியில் இறக்கிவிடாதீர்கள். அதன் தண்டு மண்ணுக்கடியில் ஓடி ஒரு மழைக்காலத்தில் பாத்தி முழுவதையும் பிடித்துக் கொள்ளும். தொட்டியோடு இருக்கட்டும். ரோஜா இலையில் வட்டமாகக் கத்தரித்தது போல் துளை தெரிந்தால் துணைச் செடி கொண்டு வந்த பூச்சி என்று அஞ்ச வேண்டாம். இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்கு எடுத்துச் சென்ற துண்டு அது. அதனால் செடிக்குப் பெருந்தீங்கு இல்லை.

மலைப்பகுதியில் உள்ளோர் இடைவெளியை இன்னும் கூட்ட வேண்டும். உதகையில் 1995-ல், மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டையொட்டி அமைக்கப்பட்ட அரசு ரோஜாத் தோட்டத்திற்குச் செல்லும் வாய்ப்பு கிடைத்தால், பூக்களைப் பார்த்தபின் செடிகளின் அடியையும் பாருங்கள். சரிவில் அடுக்கடுக்காக அமைந்த பாத்திகளில் காற்று போய்வர இடம் இருப்பதைக் காணலாம். மூடுபனி இலையை நனைக்கும் ஊரில் காற்றுதான் முதல் மருந்து.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

யார் எந்தத் துணைச் செடியைச் சொன்னாலும், நானே சொன்னாலும், முதல் பருவத்தில் தோட்டம் முழுவதும் போட வேண்டாம். இரண்டு வரிசைக்கு நடுவே மட்டும் அதனைப் போடுங்கள். நாலைந்து வரிசை தள்ளி, அதே மண்ணும் அதே தண்ணீரும் உள்ள இன்னும் இரண்டு வரிசைக்கு நடுவே ஒன்றும் போடாமல் விடுங்கள். வாரம் ஒரு நாள், காலை வேளையில், இரண்டு இடத்திலும் பத்துப் பத்துச் செடிகளில் ஒரு கொழுந்தையும் ஒரு மொட்டையும் வெள்ளைத் தாளில் தட்டி, ஓடும் பூச்சிகளை எண்ணிக் குறித்து வையுங்கள். இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். பறித்த பூவையும் தனித்தனியே எடை போடுங்கள். குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இந்த எண்ணும் வேலையை விருப்பத்தோடு செய்வார்கள்.

ஐப்பசிக் கவாத்து முடிந்ததும் தொடங்கினால் வைகாசிக்குள் உங்கள் தோட்டத்துக் கணக்கு உங்கள் கையில் இருக்கும். அந்தக் குறிப்பேட்டோடு வந்தால், அடுத்த பருவத்திற்கு எதை வைப்பது, எதை எடுப்பது என்று உட்கார்ந்து பேசுவோம்.